சிறு மாதிரியால் பெரும் பழுதை அறிதல்

விவசாயத்தில் நஷ்டம் நேரிடும் வழிகள் பல. விதை முளையாமற் போதல், நாற்று வாடுதல், பூச்சியும் நோயும் தாக்குதல், அறுவடையில் சிந்துதல், சுமையில் நசுங்குதல், சந்தையில் கழிக்கப்படுதல் என அவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இவை அனைத்தையும் ஒரே போகத்தில் திருத்திவிடுவது எத்தகைய மிராசுதாருக்கும் இயலாத காரியம். கையிலுள்ள பணமும் ஆட்களும் நாட்களும் அளவுக்குட்பட்டவை. கம்பம் பள்ளத்தாக்கிலோ இந்த நெருக்கடி இன்னும் அதிகம். முல்லைப் பெரியாற்று நீரால் கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. அணையின் நீர்மட்டம் இடங்கொடுக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதம் முதல் தேதியன்று முதற்போகத்திற்குத் தண்ணீர் விடப்படும். முதற்போக அறுவடைக்கும் இரண்டாம் போக நடவுக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் சொற்பமே. அதற்குள் எந்தக் குறையை முதலில் திருத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும். தவறான குறையைத் தேர்ந்தெடுத்தால் செலவும் வீண், போகமும் வீண்.

இக்கேள்விக்கு விடை காண ஓர் எளிய முறை உண்டு. பழுதுபட்டவற்றில் ஒரு சிறு தொகுதியைப் பாரபட்சமின்றிப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்து, பழுதின் காரணத்தைக் குறித்து, காரணவாரியாக எண்ணிப் பார்ப்பதே அம்முறை. ஒரு காகிதமும் எழுதுகோலும் அரைநாள் பொழுதும் இதற்குப் போதும். இதன் விவரங்களையும், இதில் நேரக்கூடிய தவறுகளையும் கீழே காணலாம்.

வழக்கத்திலுள்ள தவறு

பெரும்பாலான விவசாயிகள் எந்தக் குறையை முதலில் கவனிக்கிறார்கள் என்று பார்த்தால், மூன்று விஷயங்கள் புலப்படும். முதலாவது, கடைசியாக நேர்ந்த நஷ்டமே மனத்தில் பெரிதாக நிற்கும். சென்ற ஆடிக் காற்றில் வாழை சாய்ந்திருந்தால், இவ்வாண்டு முட்டுக்கொடுப்பதிலேயே கவனம் முழுவதும் செல்லும். இரண்டாவது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பழுது மற்றவற்றை மறைத்துவிடும். ஒரு சீப்பில் பரவிய கருங்கறை பத்துச் சீப்புகளிலுள்ள சிறு நசுங்கலைவிடப் பெரிதாகத் தோன்றும். மூன்றாவது, கடையில் மருந்து கிடைக்கும் பழுதே முதன்மையானது என்ற எண்ணம். சுமை தூக்கும் முறையால் விளையும் நஷ்டத்திற்குப் புட்டியில் மருந்து விற்கப்படுவதில்லை. ஆகவே அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இம்மூன்றும் அனுபவத்தின் குற்றமல்ல. அனுபவத்தை எண்ணிப் பாராமையின் குற்றம். பல்லாண்டு அனுபவமுள்ள விவசாயிக்குப் பழுதுகளின் வகைகள் யாவும் தெரியும். அவற்றின் விகிதம் மட்டும் எண்ணினாலொழியத் தெரியாது.

வாழைச் சீப்புகளில் ஓர் உதாரணம்

சின்னமனூர், கம்பம் பகுதிகளில் 'கிராண்ட் நைன்' என்னும் பச்சை வாழை மிகுதியாகப் பயிராகிறது. வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படும் காய்கள் சிப்பமிடும் கொட்டகையில் சீப்பு சீப்பாகத் தரம் பிரிக்கப்படுகின்றன. குறையுள்ள சீப்புகள் கழிக்கப்பட்டு உள்ளூர்ச் சந்தைக்குக் குறைந்த விலையில் போகின்றன. கழிவுக் குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உண்மையில் அக்குவியல் ஒரு கணக்குப் புத்தகம். அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முறையை விளக்கும்பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் வெட்டப்பட்ட 100 சீப்புகளுக்கு 20 வீதம் கழிக்கப்படுகின்றன. கழித்தவற்றிலிருந்து 50 சீப்புகளைப் பாரபட்சமின்றி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் கண்டது பின்வருமாறு என்று வைத்துக்கொள்வோம்.

புதிய நசுங்கல் – 24
இலைப்பேனால் உண்டான துரு – 11
பால்கறை – 6
வெயிற்சூடு – 4
ஆறிய பழைய கீறல் – 3
பிற – 2

இங்கே புதிய நசுங்கலும் பழைய கீறலும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பது கவனிக்கற்பாலது. காற்றில் இலை உராய்ந்து காய் இளமையிலேயே கீறப்பட்டால், அத்தழும்பு உலர்ந்து பழுப்பு நிறமாகிக் கெட்டிப்பட்டிருக்கும். தார் வெட்டும்போதோ சுமக்கும்போதோ நேர்ந்த நசுங்கல் பால் கசிந்து, ஈரமாக, சில மணி நேரத்தில் கறுக்கும். இரண்டையும் 'காயம்' என்ற ஒரே பெயரில் எழுதிவிட்டால், காற்றுத் தடுப்பு அமைப்பதா, சுமக்கும் முறையை மாற்றுவதா என்பது விளங்காமற் போகும். எந்தப் பரிகாரம் வெவ்வேறோ அந்தக் காரணமும் வெவ்வேறாக எழுதப்பட வேண்டும் என்பதே இதில் விதி. பரிகாரம் ஒன்றாக இருப்பின் காரணங்களைப் பிரிப்பதால் பயனில்லை.

இக்கணக்கிலிருந்து அறிவது யாது? புதிய நசுங்கலை முழுவதும் ஒழிக்க முடியாவிடினும், பாதியாகக் குறைத்தாலே 100 சீப்புகளில் சுமார் 5 சீப்புகள் மிஞ்சும். பால்கறையையும் வெயிற்சூட்டையும் அடியோடு நீக்கினாலும் மிஞ்சுவது 4 சீப்புகளே. பின்னவற்றிற்கு எவ்வளவு சாமர்த்தியமான மருந்தைக் கண்டுபிடித்தாலும் அந்த நாலுக்குமேல் லாபம் ஏறாது. ஒரு காரணத்தைத் திருத்துமுன், அதை முற்றிலும் ஒழித்தால் கிடைக்கக்கூடிய உச்ச லாபம் எவ்வளவு என்று பார்ப்பது எல்லாச் செலவுக்கும் முன்னே செய்யவேண்டிய கணக்கு.

நசுங்கலைக் குறைக்கும் வழிகளோ எளியவை. தாரை வெட்டும்போது தரையில் விழவிடாமல் தாங்கிப் பிடித்தல், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாமை, சுமப்பவரின் தோளிலும் வண்டியின் அடியிலும் மெத்தென்ற விரிப்பு இடுதல், சீப்புகளைப் பிரித்தவுடன் தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக இடுதல் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. நசுங்கல் எந்தக் கட்டத்தில் நேருகிறது என்பதை அறிய வேண்டுமாயின், பத்துத் தார்களுக்கு அடையாளமிட்டு, மரத்தில் இருக்கும்போதும், கொட்டகைக்கு வந்தவுடனும், சீப்பு பிரித்த பின்பும் மூன்று முறை பார்த்துக் குறிப்பெழுதுதல் போதும்.

எண்ணிக்கை எவ்வளவு வேண்டும்

ஐம்பதைப் பார்த்துவிட்டு ஆயிரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. இதற்குக் கணித சாஸ்திரம் தெளிவான விடை கூறுகிறது. 50-இல் 24 என்றால் நூற்றுக்கு 48. ஆனால் வேறொரு 50-ஐ எடுத்திருந்தால் இதே எண் வந்திராது. முழுக் குவியலில் உண்மையான விகிதம் நூற்றுக்கு 34 முதல் 62 வரை எங்கேனும் இருக்கலாம் என்று கொள்வதே நியாயம். இலைப்பேன் துருவின் விகிதமோ நூற்றுக்கு 22. அது 10 முதல் 34 வரை இருக்கலாம். எல்லைகள் அகலமானவையே. எனினும், முதலில் கவனிக்க வேண்டியது நசுங்கல் என்னும் முடிவுக்கு இவ்வளவு போதும். விகிதத்தைத் துல்லியமாக அறிவது இங்கே நோக்கமன்று. எது முந்தியது, எது பிந்தியது என்று அறிவதே நோக்கம்.

இரு காரணங்களில் ஒன்று மற்றதைவிட மெய்யாகவே மிகுதியா, அல்லது தற்செயலாக மிகுந்து தோன்றுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. இரு எண்களையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை இரட்டிக்க வேண்டும். இரு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் இதற்கு மேற்பட்டிருந்தால் அதை நம்பலாம். 24-உம் 11-உம் கூடி 35, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6, இரட்டித்தால் 12. வித்தியாசம் 13 ஆதலால் நம்பத்தக்கது. பால்கறை 6, வெயிற்சூடு 4. கூட்டினால் 10, வர்க்கமூலம் 3-க்குச் சற்று மேல், இரட்டித்தால் 6-க்குச் சற்று மேல். வித்தியாசமோ 2 தான். இவ்விரண்டில் எது பெரிது என்று இந்த 50-ஐக் கொண்டு வாதிடுவது வீண்.

எண்ணிக்கையை அதிகப்படுத்தினால் துல்லியம் கூடும். ஆனால் மெதுவாகவே கூடும். பாதிக்குப் பாதி என்ற விகிதத்தில் உள்ள ஒரு காரணத்தை 100 பழுதுகளைப் பார்த்து மதிப்பிட்டால் நூற்றுக்கு 10 அளவு இப்புறமோ அப்புறமோ பிசகலாம். அப்பிசகைப் பாதியாக்க 400 பழுதுகளைப் பார்க்க வேண்டும். உழைப்பு நான்கு மடங்கு; பயன் இரண்டு மடங்கு. ஆதலால் முதலில் 50 பார்த்து, பெரிய காரணத்தைக் கண்டு, அதைத் திருத்தி, மறுபடியும் ஒரு 50 பார்ப்பது, தொடக்கத்திலேயே 400 பார்த்து ஒரு போகத்தைக் கழிப்பதைவிட மேலானது.

சிறு மாதிரியில் தென்படாத பழுது இல்லவே இல்லையென்று எண்ணலாகாது. 50-இல் ஒன்றுகூடக் காணப்படாத காரணம் முழுக் குவியலில் நூற்றுக்கு 6 வரை இருக்க இடமுண்டு. மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் இவ்வெல்லை கிடைக்கும்.

மாதிரிகள் சிறியனவாக இருக்கும்போது எவ்வளவு நம்பலாம் என்ற இந்த ஆராய்ச்சி விவசாயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய வில்லியம் கோஸெட் என்பவர், பார்லி முதலியவற்றில் செய்யப்பட்ட சில சோதனைகளைக் கொண்டு முடிவு காணவேண்டிய அவசியத்தால், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் சிறு மாதிரிகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். பின்னர் 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் அக்கலையை விரிவாக வளர்த்தார்.

பொறுக்கும் விதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வழக்கு. அது சோற்றுக்குப் பொருந்துவதன் காரணத்தைச் சிந்தித்தல் வேண்டும். பானையிலுள்ள அரிசி ஒரே நெல்லிலிருந்து வந்தது. ஒரே நீரில் ஒரே தீயில் கொதித்துப் புரண்டது. ஆதலால் ஒன்று வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும். தோட்டத்துப் பழுதுகளோ அப்படிக் கிளறப்பட்டவையல்ல. மேட்டு நிலத்தின் பழுது வேறு, வாய்க்கால் ஓரத்தின் பழுது வேறு. காலையில் வெட்டிய தாரின் பழுது வேறு, வெயிலில் கிடந்த தாரின் பழுது வேறு. குவியலின் மேலே கிடக்கும் 50 சீப்புகளை அள்ளியெடுத்தால், கடைசியாக வந்த ஒரு வண்டியின் கதை மட்டுமே தெரியும்.

ஆகவே மாதிரி எடுப்பதில் கண்ணுக்கும் மனத்திற்கும் இடங்கொடாமல் எண்ணுக்கே இடங்கொடுத்தல் வேண்டும். கழிக்கப்படும் ஒவ்வொரு பத்தாவது சீப்பையும் தனியே வைப்பது ஒரு வழி. எண்கள் எழுதிய சீட்டுகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பது இன்னொரு வழி. பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூர்ச் சபையார் வாரியப் பெருமக்களைக் குடவோலையிட்டுத் தேர்ந்தார்கள் என்று முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆள் முகம் பாராமல் தேர்ந்தெடுக்க அவர்கள் கைக்கொண்ட உபாயம், காய் முகம் பாராமல் தேர்ந்தெடுக்கவும் ஏற்றது.

காலத்தையும் மறக்கலாகாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் இங்கே ஏதேனும் ஒரு தோட்டத்தில் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருப்பது இதன் சிறப்பு. ஆனால் மழைக்காலத்தில் கழிக்கப்படும் குலைகளின் குறை வேறு, கோடையில் கழிக்கப்படுபவற்றின் குறை வேறு. மழையில் பழம் வெடித்தலும் அழுகலும் மிகும். ஐப்பசியில் மட்டும் மாதிரி எடுத்து ஆண்டு முழுவதற்கும் திட்டமிடும் தோட்டக்காரர் கோடையில் ஏமாறுவார். ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தனி மாதிரி அவசியம்.

குவியலுக்கே வந்து சேராத பழுதுகளும் உண்டு. தோட்டத்திலேயே அழுகி எறியப்பட்ட தாரும், கொட்டகையில் தேறிப்போய்ப் பழுக்கும்போது கறுத்த சீப்பும் கழிவுக் குவியலில் இரா. இவற்றையும் அறிய, தோட்டத்தில் எறிந்தவற்றை எண்ணி வைத்தலும், தேறிய சீப்புகளில் பத்தை வீட்டில் வைத்துப் பழுக்கவிட்டுப் பார்த்தலும் நலம்.

ஒரே தோற்றம், வேறு காரணம்

பழுதை எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொன்றையும் கையிலெடுத்துப் பார்க்க வேண்டுமென்பதற்கு நெற்பயிரின் வெண்கதிர் சிறந்த சாட்சி. தண்டுத் துளைப்பானாலும் கதிர் வெளுக்கும். கழுத்துக் குலைநோயாலும் கதிர் வெளுக்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. கதிரை மெல்ல இழுத்தால், துளைப்பான் தாக்கிய கதிர் எளிதில் கையோடு வந்துவிடும்; அடியில் புழு தின்ற அடையாளம் இருக்கும். குலைநோயில் கதிரின் கழுத்துக் கணு கறுத்தோ பழுத்தோ சுருங்கியிருக்கும். சில கதிர்கள் அவ்விடத்திலேயே ஒடிந்து தொங்கும். முன்னதற்குப் பூச்சிமருந்தும் பின்னதற்குப் பூசணமருந்தும் வேண்டும். ஒன்றிற்கு மற்றொன்றைத் தெளிப்பது பணத்தை வாய்க்காலில் விடுவதற்குச் சமம். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து முப்பது வெண்கதிர்களை இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு நாழிகை போதும். அந்த முப்பதில் 25 துளைப்பானால் என்று தெரிந்தால் மேற்கொண்டு சந்தேகத்திற்கு இடமில்லை. 16-உம் 14-உமாக இருந்தால் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

விதைப் பரிசோதனைச் சாலைகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறையும் இதுவே. அங்கே ஒரு குவியலுக்கு 400 விதைகள், நூறு நூறாக நான்கு பகுதிகளாக முளைக்க வைக்கப்படுகின்றன. சான்று பெற்ற நெல் விதைக்கு நூற்றுக்கு 80 முளைப்பு இருத்தல் வேண்டும். முளைப்பு 70 என்று முடிவு வந்தால், எஞ்சிய 30-ஐப் பரிசோதகர் எறிந்துவிடுவதில்லை. அவற்றில் இயல்பற்ற நாற்று எத்தனை, கடின விதை எத்தனை, முளையாவிடினும் உயிருள்ள விதை எத்தனை, இறந்த விதை எத்தனை என்று பிரித்தெழுதுகிறார். உயிரிருந்தும் முளையாதது விதை உறக்கத்தைக் காட்டும். சில வாரம் பொறுத்தால் அல்லது உறக்கம் கலைக்கும் முறையைக் கையாண்டால் அதே விதை பயன்படும். பயறு வகைகளில் காணும் கடின விதைக்கு மேல்தோலைச் சற்றே தேய்த்தல் பரிகாரம். இயல்பற்ற நாற்றுகள் மிகுந்திருந்தால் பெரும்பாலும் கதிரடிக்கும்போது பட்ட அடியோ, விதை மூப்போ காரணம். இறந்த விதை மிகுந்திருந்தால் சேமித்த ஈரப்பதத்தையும் வண்டையும் சந்தேகிக்க வேண்டும். முளைப்பு 70 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் நான்கு வெவ்வேறு கதைகள் இருக்கக்கூடும்; அவற்றுள் ஒன்றில் விதையை எறிய வேண்டியதேயில்லை.

எண்ணிக்கைக்கு அடங்காத பழுதுகள்

எண்ணிக்கையில் மிகுந்ததே எப்பொழுதும் முதன்மையானது என்று கொள்ளலாகாது. முதலாவதாக, ஒவ்வொரு பழுதாலும் போகும் பணத்தைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பால்கறைச் சீப்பு உள்ளூரில் கால்பங்கு விலை குறைந்து விற்குமானால், நான்கு பால்கறைச் சீப்புகள் முற்றிலும் அழுகிப்போன ஒரு சீப்புக்கு ஈடு. எண்ணிக்கையை நஷ்டத்தால் பெருக்கி வரும் தொகையையே வரிசைப்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, பரவும் பழுது வேறு, பரவாத பழுது வேறு. நூறு வாழையில் ஒன்றே வாடியிருந்தாலும், அதன் அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்கையில் செம்பழுப்பு நிறமான வளையங்களோ புள்ளிகளோ தென்பட்டால், அது பூசண வாடல் நோய் என்று சந்தேகித்தல் வேண்டும். தேனிப் பகுதியில் கிராண்ட் நைன் வாழையிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. இதன் பூசணம் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். பாசன நீராலும், மண் ஒட்டிய மண்வெட்டியாலும், நோயுற்ற தோட்டத்துக் கன்றாலும் அண்டைத் தோட்டங்களுக்குப் பரவும். இவ்வாண்டு மாதிரியில் இதன் பங்கு நூற்றுக்கு ஒன்றாயிருக்கலாம். கவனியாவிடில் சில ஆண்டுகளில் தோட்டமே அதன் பங்காகிவிடும். முடிக்கொத்து நோயும் அசுவினியால் பரவுவதாதலின் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய பழுதுகளை மாதிரிப் பட்டியலின் வரிசையில் நிறுத்தாமல், ஒன்று கண்டாலும் உடனே நீக்கும் தனிப் பட்டியலில் எழுத வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

முற்காலத்தில் விளைச்சல் மதிப்பு அணாக் கணக்கில், பார்வையால் சொல்லப்பட்டது. அம்முறையின் குறைகளைக் கண்டு, ஜே. ஏ. ஹப்பக் என்னும் அதிகாரி 1923 முதல் 1925 வரை பீகார்–ஒரிஸ்ஸா மாகாணத்தில் ஆங்காங்கே எதேச்சையாகத் தேர்ந்த சிறு பாத்திகளை அறுத்து நெல் விளைச்சலைக் கணக்கிட்டார். பேராசிரியர் மஹலனோபிஸ் 1937-இல் வங்காளத்தில் சணல் பயிரைப் பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். பி. வி. சுகாத்மே முதலியோர் 1940-களில் பயிர் அறுவடைச் சோதனையைப் பல மாகாணங்களில் நிலைநாட்டினர். பாத்தி மிகச் சிறியதாயின் விளைச்சல் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும் என்பதை சுகாத்மே 1946-இல் எடுத்துக்காட்டினார். எல்லைக் கயிற்றின்மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பழக்கமே இதற்குக் காரணம். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எல்லை 4 மீட்டர். ஐந்து மீட்டர் சதுரத்திலோ ஒரு சதுர மீட்டருக்கு எல்லை 0.8 மீட்டரே. எல்லையில் செய்யும் பிழை ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது.

இன்று நெல்லுக்கு 5 மீட்டர் சதுரப் பாத்தி அறுக்கப்படுகிறது. இது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. பாத்தியில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சோதனைகளின் விளைச்சலையும் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படுவதால், ஒரு கிலோவின் பிசகு ஒரு கிராமத்தார் அனைவருடைய இழப்பீட்டையும் மாற்றிவிடக்கூடும். தேர்ந்த எண்ணுக்குரிய வயலை விட்டுச் சாலையோரத்து வயலில் அறுப்பதும், மெலிந்த மூலையைத் தவிர்ப்பதும் சிறு சலுகைகளாகத் தோன்றலாம். அவை மாதிரியின் உயிரையே போக்கிவிடும். பெரிய மாதிரியும் இக்குற்றத்தைத் தீர்க்காது. பாரபட்சத்தோடு எடுத்த ஆயிரத்தைவிடப் பாரபட்சமின்றி எடுத்த ஐம்பது மேலானது.

இதே முறை அலுவலகப் பழுதுகளுக்கும் உதவும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பதிவுப் பிழைகளைத் திருத்தக்கோரும் மனுக்கள் வருவது வழக்கம். ஒரு வட்டத்தில் நிலுவையிலுள்ள மனுக்கள் சில நூறாயின், அவற்றில் 50-ஐக் குலுக்கி எடுத்து, பெயர்ப் பிழை, பரப்புப் பிழை, உட்பிரிவு எண் பிழை, கூட்டுப்பட்டாதாரர் பெயர் விடுபடல், புறம்போக்கு என்று தவறாகக் குறித்தல் என்று பிரித்துப் பார்க்கலாம். எவ்வகை மிகுதியோ அதற்கு ஒரு சிறப்பு முகாம் நடத்தினால் நிலுவையின் பெரும்பகுதி ஒரே மூச்சில் தீரும். வந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தீர்ப்பதும் நேர்மையே. ஆனால் அதனால் எந்தப் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிய வராது. மடைத் தண்ணீர் குறித்த முறையீடுகளையும் இவ்வாறே பிரித்தால், வாய்க்கால் தூர்ந்ததால் வந்தது எவ்வளவு, முறை மீறிப் பாய்ச்சியதால் வந்தது எவ்வளவு என்பது வெளிப்படும். முன்னதைச் சீரமைப்பு வேலை தீர்க்கும். பின்னதை ஊர்க்கட்டுப்பாடே தீர்க்கும்.

திருத்திய பின்

திருத்தம் பலித்ததா என்பதை அறிய அடுத்த அறுவடையில் மறுபடியும் அதே முறையில், அதே எண்ணிக்கையில் மாதிரி எடுத்தல் வேண்டும். இங்கே ஒரு மயக்கம் நேரக்கூடும். முற்கூறிய தோட்டத்தில் 500 சீப்புகளுக்கு 100 கழிந்தன. நசுங்கல் 48, துரு 22. நசுங்கலைப் பாதியாக்கினால் கழிவு 76 ஆகும். துரு 22-ஆகவே நின்றாலும், கழிவில் அதன் பங்கு நூற்றுக்கு 22-லிருந்து 29-ஆக உயர்ந்து தோன்றும். துரு அதிகமாகிவிட்டதென்று இதனால் கலங்குவதற்கில்லை. வரிசையில் அதன் முறை வந்துவிட்டது என்பதே பொருள். இம்மயக்கம் நேராதபடி, பழுதுகளின் பங்கோடு, மொத்த விளைவில் நூற்றுக்கு எத்தனை கழிந்தது என்ற கணக்கையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தல் வேண்டும்.

போகத்திற்கு ஒரு முறை, ஐம்பது பழுதுகள், ஒரு தாள். மூன்று போகங்களின் தாள்கள் சேர்ந்தால் அத்தோட்டத்தின் நோய்க்குறிப்பு அதில் அடங்கிவிடும். பல விவசாயிகள் ஒரே படிவத்தில் எழுதி, உழவர் குழுக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு தோட்டத்தில் மிகுந்த பழுது அண்டைத் தோட்டத்தில் ஏன் குறைவு என்ற கேள்வி பிறக்கும். அக்கேள்விக்கு விடை பெரும்பாலும் அண்டைத் தோட்டக்காரரிடமே கிடைக்கும்.